கொம்பைப் பார்த்தால் இனம் தெரியுமா?

ஒரு பழைய நூலும் அதை நாம் படித்த முறையும்

கால்நடை மருத்துவமோ வேளாண்மையோ படிக்கும் மாணவர் ஒருவர் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருக்கலாம். இருந்தால், அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'மைசூர் வகை மாடுகள் எவை?' என்று கேட்டால், 'தலையின் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கித் தோன்றி, மேல்நோக்கியும் பின்னோக்கியும் செல்லும் நீண்ட கூரிய கொம்புகளை உடையவை. அமிர்தமகால், ஹள்ளிகார், காங்கேயம், கில்லாரி, ஆலம்பாடி, பர்கூர்' என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்துவிடுவார். அடுத்து, 'பர்கூர் மாடு ஏன் பர்கூர் மலையிலே உருவாயிற்று? அங்கே அது என்ன வேலை செய்கிறது?' என்று கேளுங்கள். பெரும்பாலும் தயக்கமே விடையாக வரும்.

குறை மாணவருடையது அன்று. அவர் மனப்பாடம் செய்த அட்டவணையில் அந்த விடை இல்லை. அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது, அதில் எது சரி, எது போதாது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம். இது வெறும் பாடநூல் வழக்கு என்று எண்ணிவிடாதீர்கள். எந்த மாட்டினம் பிழைக்கும், எது அழியும் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

நூலின் பெருமை

1953-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, 'இந்தியா, பாகிஸ்தான் நாடுகளின் ஜீபு மாடுகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டது. எழுதியவர்கள் என். ஆர். ஜோஷி, ரால்ஃப் பிலிப்ஸ் என்னும் இரு அறிஞர்கள். ஜீபு என்பது நம் நாட்டுத் திமில் மாடுகளுக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. வெப்ப நாடுகளில் உணவு உற்பத்தியைப் பெருக்குவது எப்படி என்பதே அன்றைய பெரிய கேள்வி. ஐரோப்பியப் பசு குளிர்நாட்டில் குடம் குடமாகப் பால் கறக்கும். நம் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கி நிற்கும். திமில் மாட்டின் உடலோ வெயிலுக்கு ஏற்றவாறு அமைந்தது. தளர்ந்து தொங்கும் தோல், குட்டையான வழவழப்பான மயிர், மிகுதியான வியர்வைச் சுரப்பிகள், உடலுக்குள் உண்டாகும் வெப்பம் குறைவு ஆகிய இயல்புகள் சேர்ந்து அதைக் காக்கின்றன. இத்தகைய மாடுகளை முறையாக அறிந்து உலகுக்குச் சொல்லவேண்டும் என்ற நோக்கத்துடன் எழுந்தது இந்நூல். நான்கு ஆண்டுகள் கழித்து, 1957-இல், ஆப்பிரிக்க மாட்டினங்களைப் பற்றியும் இவர்கள் மற்றோர் ஆசிரியருடன் சேர்ந்து இதே போன்ற நூல் ஒன்றைத் தந்தனர்.

முதலில் புகழவேண்டியதைப் புகழ்ந்துவிடுவோம். ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லப் புகும்போது இந்நூல் உடனே மாட்டின் உடலுக்குப் போவதில்லை. அந்த இனம் பிறந்த இடம் எது, அங்கே மண் எப்படி, மழை எவ்வளவு, என்ன புல் பூண்டு முளைக்கும், மக்கள் மாட்டை எப்படி வளர்க்கிறார்கள் என்பனவற்றை முதலில் சொல்கிறது. பின்னரே உடலமைப்பு, அதன் பின் பால், உழைப்பு முதலிய பயன்கள். நிலத்தைச் சொல்லிவிட்டு மாட்டைச் சொன்ன இந்த முறை இன்றும் பின்பற்றத் தக்கது.

ஆறு கூட்டங்கள்

இனி, அட்டவணைக்கு வருவோம். ஜோஷியும் பிலிப்ஸும் மாட்டினங்களை ஆறு கூட்டங்களாகப் பிரித்தார்கள். அவர்களுக்கு முன்னரே சர் ஆர்தர் ஆல்வர் போன்றோர் இத்தகைய முயற்சியில் இறங்கியிருந்தனர்.

முதற் கூட்டம், யாழ் போல் வளைந்த கொம்பும் அகன்ற நெற்றியும் சாம்பல் நிறமும் உடையவை. காங்கிரேஜ், தார்பார்க்கர் இதைச் சேர்ந்தவை. இரண்டாவது, குட்டைக் கொம்பும் நீண்ட முகமும் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறமும் உடையவை. ஹரியானா, ஓங்கோல் மாடுகள் இதில் அடங்கும். மூன்றாவது, பருத்த உடல், தொங்கும் அலைதாடி, புடைத்த நெற்றி, பக்கவாட்டில் சுருண்ட கொம்பு ஆகியவற்றை உடையவை. கிர், சாகிவால், சிவப்பு சிந்தி ஆகியன இவை. நான்காவது, மேலே மாணவர் ஒப்புவித்த மைசூர் வகை. ஐந்தாவது, மலைப்பகுதிகளிலும் அவற்றின் அடிவாரங்களிலும் காணும் சிறிய மாடுகள். சிரி இதற்கு எடுத்துக்காட்டு. ஆறாவது, எதிலும் சேராமல் தனித்து நின்ற தன்னி என்னும் இனம்.

பார்வைக்கு எளிது, நினைவில் வைத்துக்கொள்ளவும் எளிது. ஆகவே, பாடநூல்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. ஆனால் நூலின் உட்பக்கங்கள் நிலத்திலிருந்து மாட்டைப் பார்க்கின்றன. கூட்டங்களின் தலைப்புகளோ கொம்பிலிருந்தும் நெற்றியிலிருந்தும் பார்க்கின்றன. பாடநூல் எழுதியோர் உட்பக்கங்களை விட்டுவிட்டுத் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நூலின் சிறந்த பகுதி மறக்கப்பட்டு, அதன் வலுக்குறைந்த பகுதி தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்படுகிறது. இதுவே என் முதல் குற்றச்சாட்டு.

கொம்பில்லாத சாட்சி

நிறத்தை வைத்து இனம் பிரிப்பது எவ்வளவு நம்பத்தக்கது? காங்கேயம் மாட்டைப் பாருங்கள். அதன் கன்று பிறக்கும்போது செந்நிறம். சுமார் ஆறு மாதங்களில் அந்த நிறம் மாறிச் சாம்பலாகிறது. வளர்ந்த காளைக்குத் திமில், கழுத்து, தொடைப் பகுதிகள் கருத்துவிடுகின்றன. பசுவுக்கு அவ்வளவு கருமை வருவதில்லை. அக்காளைக்கே காயடித்துவிட்டால் கருமை குன்றி வெளுக்கிறது. ஆண்மைச் சுரப்பு நீரின் வேலை இது என்பது இதனால் விளங்கும். ஒரே விலங்கு ஒரே வாழ்நாளில் மூன்று நிறம் காட்டுகிறது!

கொங்கு நாட்டு உழவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்துக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றைத் தனித்தனி இனமாகக் கொள்ளவில்லை. ஓர் இனத்துக்குள் நிகழும் வேறுபாடுகளாகவே கொண்டார்கள். அவர்களுடைய சொல்வழக்கில் உள்ள நுட்பம் அட்டவணையில் இல்லை.

கொம்பின் கதை இதைவிடச் சுவையானது. நாகப்பட்டினம், திருவாரூர்ப் பகுதிகளில் உம்பளாச்சேரி என்றோர் இனம் உண்டு. தஞ்சாவூர் மாடு என்றும் சொல்வர். கன்று பிறக்கும்போது செம்மையாகவோ பழுப்பாகவோ இருந்து, பின்னர் சாம்பல் நிறம் பெறும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கால்களின் அடியில் வெண்மை ஆகியவை இதன் அடையாளம். உயரம் குறைவு, கால்கள் உறுதியானவை. முழங்கால் அளவு சேற்றில் நாள் முழுதும் உழ வல்லது. காவிரிப் படுகையின் நெல் வயலுக்கென்றே வார்த்தெடுத்தது போன்ற மாடு.

இந்த மாட்டுக்கு அவ்வூர் மக்கள் இட்ட மற்றொரு பெயர் 'மொட்டை மாடு'. ஏன் தெரியுமா? கொம்பை முளையிலேயே நீக்கிவிடுவது அங்குள்ள வழக்கம். உழவர்கள் கொம்பைத் தேவையற்றதென்று களைந்துவிட்டு, காலையும் தோளையும் பார்த்து மாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். கொம்பை வைத்துக் கூட்டம் பிரிப்பவர் இந்த மாட்டின் முன்னால் நின்றால் என்ன செய்வார்? நான்காம் கூட்டத்தின் ஆறு பெயர்களில் உம்பளாச்சேரி இல்லை என்பதையும் கவனியுங்கள்.

எங்கிருந்து வந்தன?

அட்டவணைக்குப் பின்னால் ஒரு வரலாற்றுக் கருத்தும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய அறிஞர் பலர், வட இந்தியாவின் வெள்ளை மாடுகள் வடமேற்குக் கணவாய்கள் வழியாக ஆரியருடன் வந்தவை என்று நம்பினர். கொம்பு ஒற்றுமையையும், மாடுகள் பரவியுள்ள வழியையும் சான்றாகக் காட்டினர். மனிதரைப் பற்றி அக்காலத்தில் நிலவிய 'இனக் கொள்கை' மாட்டின் மீதும் ஏற்றப்பட்டது என்றே சொல்லவேண்டும். வேறு சான்று கிடைக்காத காலம் என்பதையும் நாம் மறக்கலாகாது.

பின்னர் சான்றுகள் கிடைத்தன. பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில் மேர்கர் என்னுமிடத்தில் 1974 முதல் பிரெஞ்சு அறிஞர் ழான் பிரான்சுவா ஜாரிழ் தலைமையில் அகழாய்வு நடந்தது. அங்கே கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தபோது, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மக்கள் திமில் மாடுகளைப் பழக்கி வளர்த்தனர் என்பது தெரியவந்தது.

அடுத்து மரபணுச் சான்று. தாய் வழியாக மட்டும் இறங்கிவரும் மைட்டோகாண்ட்ரியா மரபுப்பொருளை 1994-இல் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், திமில் மாடும் ஐரோப்பிய மாடும் குறைந்தது 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த இரு கிளைகள் என்று காட்டினார்கள். மனிதன் மாட்டைப் பழக்கத் தொடங்கியதோ சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே ஒரே மாட்டைப் பழக்கி, அது பின்னால் இரண்டாகப் பிரிந்திருக்க முடியாது. இரு வேறு காட்டு மாடுகளை, இரு வேறு இடங்களில், மனிதர்கள் தனித்தனியே பழக்கினர் என்பதே முடிவு. நம் திமில் மாட்டின் தாயகம் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு, அதாவது சிந்துவெளியும் அதைச் சூழ்ந்த பகுதியுமாகும்.

2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மேலும் ஒரு செய்தியைச் சொன்னது. மேற்கு ஆசியாவில் புதைந்து கிடைத்த பழங்கால மாட்டெலும்புகளின் மரபணுவைப் படித்தபோது, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள மாடுகளில் திமில் மாட்டின் கலப்பு விரைவாகப் பரவியது தெரிந்தது. தாய் வழி மாறவில்லை. ஆகவே கலப்பு காளைகள் வழியே நிகழ்ந்தது. கடும் வறட்சி நிலவிய காலம் அது. வறட்சி தாங்கும் காளைகளை அந்நாட்டார் விரும்பிச் சேர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. 'வெளியிலிருந்து உள்ளே வந்தவை' என்று எந்த மாடுகளைப் பற்றி எழுதினார்களோ, அவற்றின் குலம் உள்ளிருந்து வெளியே போயிருக்கிறது. கொம்பை மட்டும் நம்பியவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

பட்டியலுக்கு வெளியே

இதுவரை சொன்னவை அறிவுத்துறைக் குறைகள். நூல் ஒன்றைத் திருத்திவிட்டால் தீரும். இனிச் சொல்லப்போவது உயிர்ச் சேதம்.

ஒரு பட்டியல் எழுதப்பட்டவுடன், பட்டியலில் இல்லாதவை என்று ஒரு பெரும் கூட்டம் உண்டாகிறது. அவற்றுக்கு அரசு ஏடுகள் தந்த பெயர் 'வருணிக்கப்படாதவை' என்பது. வருணிக்காதது நம் குற்றம். ஆனால் அந்தச் சொல் நாளடைவில் மாட்டின் குற்றமாக மாறிவிட்டது. வருணிக்கப்படாத மாடு என்றால் தரமற்ற மாடு, தரமற்ற மாடு என்றால் அகற்றவேண்டிய மாடு என்று பொருள் வளர்ந்தது.

கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்து வைக்கம் பகுதியில் வெச்சூர் என்னும் சிறிய மாடு இருந்தது. உயரம் 90 சென்டிமீட்டர் அளவுதான். வீட்டில் மிஞ்சிய கஞ்சித் தண்ணீரையும் தோட்டத்துப் புல்லையும் தின்று ஒரு குடும்பத்துக்குப் போதிய பாலைத் தந்துவந்தது. ஆறு கூட்டங்களில் எதிலும் அதற்கு இடமில்லை. 1961-இல் கேரள அரசு கால்நடை மேம்பாட்டுச் சட்டம் இயற்றியது. உரிமம் பெறாத நாட்டுக் காளைகளுக்குக் காயடிக்கவேண்டும் என்றது அச்சட்டம். பால் பெருகவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் காளை இல்லாத இனம் எத்தனை நாள் நிற்கும்? 1980-களின் இறுதியில் வெச்சூர் மாடு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, எஞ்சியிருந்த சிலவற்றைக் கண்டுபிடித்து, 1989-இல் பாதுகாப்புப் பணியைத் தொடங்கினார்கள். இன்று அது பதிவு பெற்ற இனம். பேராசிரியருக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தேடிப் போக ஒருவர் இருந்ததால் வெச்சூர் பிழைத்தது. தேடப்படாமல் போனவை எத்தனையோ! கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் இப்போது 50-க்கும் மேற்பட்ட மாட்டினங்களைப் பதிவு செய்திருக்கிறது. உம்பளாச்சேரியும் புலிக்குளமும் அதில் உண்டு. இது நல்ல முன்னேற்றமே. எனினும் 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டு மாடுகள் என எண்ணப்பட்ட சுமார் 14 கோடியில் பெரும்பகுதி இன்னும் எந்த இனப் பெயரும் இல்லாதவை. அவற்றை 'ஒன்றுமில்லாதவை' என்று கருதினால், வெச்சூரில் செய்த தவற்றை மீண்டும் செய்வோம்.

மண்ணும் வேலையும்

அப்படியானால் இனம் என்பது எதனால் ஆகிறது? சில இனங்களின் வாழ்க்கையைப் பார்த்தால் விடை தானே விளங்கும்.

அமிர்தமகால் மாட்டைப் படைத்தது படைத்தளவாடம் இழுக்கும் வேலை. மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காலத்தில் 'பெண்ணெ சாவடி' என்ற பெயரில் தொடங்கிய அரசுத் தொழுவத்துக்குத் திப்பு சுல்தான் 'அமிர்த மகால்' என்று பெயரிட்டார். விரைந்து நடக்கும் எருது அவருக்குத் தேவைப்பட்டது. மேய்வதற்கென்று 'காவல்' எனப்படும் புல்வெளிகள் ஒதுக்கப்பட்டன. 1799-க்குப் பின் இம்மந்தை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1860-இல் சிக்கனம் கருதி அதை விற்றுவிட்டார்கள். தவற்றை உணர்ந்து 1866-இல் மீண்டும் தொடங்கினார்கள். வேலை இருந்தவரை இனம் வளர்ந்தது. படைக்கு எருது வேண்டாமென்றானதும் இனம் சுருங்கியது.

காங்கேயத்தின் தாய்மடி கொறங்காடு. மழை குறைந்த கொங்கு மண்ணில் உழவர்கள் தம் சொந்த நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரம் நிறுத்தி, முள்கிளுவை வேலி கட்டி மாட்டை உள்ளே விடுவார்கள். வேலியே காவலாள், மரமே நிழல், மரத்தின் காயும் தீனி. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் இம்முறையில் மந்தைகளைப் பேணித் தேர்ந்த காளைகளை உருவாக்கியது புகழ்பெற்ற செய்தி. கொறங்காடு தென்னந்தோப்பாகவோ ஆலையாகவோ வீட்டுமனையாகவோ மாறினால், காங்கேயம் மாடு பட்டியலில் மட்டும் மேயவேண்டியதுதான்.

புலிக்குளம் மாட்டைப் பாலுக்காக வளர்த்தவர் குறைவு. சிவகங்கை, மதுரைப் பகுதிகளில் மந்தை மந்தையாக ஓட்டிச்சென்று, இரவில் வயலில் கிடை போடுவார்கள். சாணமும் கோமியமும் வயலுக்கு உரம். கிடைக்குக் கிடைக்கும் கூலி மாட்டுக்காரருக்கு வருமானம். பால், இழுப்பு என்று இரு பத்திகள் மட்டும் உள்ள அட்டவணையில் இந்த மாட்டின் பயனுக்கு என்ன எண் போடுவீர்கள்? அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையில் வயல் சும்மா கிடந்தால்தான் கிடைக்கு இடமுண்டு. பாசனமும் பயிர்முறையும் மாறினால் இனத்தின் பிழைப்பும் மாறும்.

பர்கூர் மாடு ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த மலையில் வாழ்வது. செந்நிற உடலில் வெள்ளைத் திட்டுகள். மிகுந்த வேகம், கொஞ்சம் முரட்டுத்தனம். மலைவாழ் லிங்காயத்து மக்கள் இதைக் காட்டுக்குள் பட்டி அமைத்து மேய்த்துவந்தனர். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, சில நாட்களில் அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. 2024-இல் இம்மலைப் பகுதி தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கால்நடையால் காட்டு விலங்குகளுக்கு நோய் தொற்றும், தீனி குறையும் என்ற கவலை பொய்யானதன்று. அதே சமயம், காட்டில் மேய்ந்தே உருவான மாட்டைக் காட்டிலிருந்து நீக்கிவிட்டு 'இனத்தைக் காக்கிறோம்' என்று சொல்வதும் முரணானது. எவ்வளவு மாடு, எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில் என்று அளந்து தீர்க்கவேண்டிய சிக்கல் இது. கொம்பை அளப்பதைக் காட்டிலும் இந்த அளவு அவசரமானது அல்லவா?

ஐந்து காளைகளின் கணக்கு

'உறைவிந்து இருக்கிறதே, அதைச் சேமித்தால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். சேமிக்கத்தான் வேண்டும். ஆயினும் ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஓர் இனத்தில் 1,000 பசுக்களும் 5 காளைகளும் உள்ளன என்று கொள்வோம். தலைகளை எண்ணினால் 1,005. ஆனால் பிறக்கும் கன்றுகள் எல்லாமே அந்த ஐந்து தகப்பன்களின் பிள்ளைகள். அடுத்த தலைமுறையில் உறவுக்குள்ளேயே கலப்பு நேரும். இதை அளக்க மரபியலறிஞர் சீவல் ரைட் ஒரு வாய்பாடு தந்தார். காளைகளின் எண்ணிக்கையையும் பசுக்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். 5-ஐயும் 1,000-ஐயும் பெருக்கி 4-ஆல் பெருக்கினால் 20,000. அதை 1,005-ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 20. அதாவது மரபுவளத்தை நோக்க, ஆயிரம் மாடுகள் உள்ள அந்த இனம் இருபது மாடுகள் உள்ள இனத்துக்குச் சமம்! காளைகளை 50 ஆக்கினால் விடை சுமார் 190 ஆகிறது. பசு ஒன்றைக்கூடக் கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உணவு வேளாண்மை அமைப்பு ஓர் இனத்தின் நிலையை மதிப்பிடும்போது பசுக்களையும் காளைகளையும் தனித்தனியே எண்ணுவது இதனால்தான். இனப்பெருக்கத்துக்குரிய பசுக்கள் 300-க்கு மேற்படாவிட்டாலும், காளைகள் 5-க்கு மேற்படாவிட்டாலும், அந்த இனம் மிக ஆபத்தான நிலையில் உள்ளதாகக் கொள்ளப்படும்.

இப்போது நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2012-க்கும் 2019-க்கும் இடையில் இந்தியாவின் ஆண் மாடுகள் சுமார் 30 விழுக்காடு குறைந்து 4.74 கோடியாயின. டிராக்டர் வந்த வயலில் எருதுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எருதுக்குத் தீனி போட உழவரால் இயலவில்லை. அவரைக் குறை சொல்வது அநீதி. உழவு மாட்டினங்களுக்கு ஆண் மாட்டின் வேலையே உயிர்நாடி. அது போனபின் ஓரிரு லிட்டர் பாலை நம்பிப் பசுவை எத்தனை பேர் வைத்துக்கொள்வார்கள்?

உறைவிந்துக் குழல் மரபணுவைக் காக்கும். அந்த மாட்டை வைத்திருப்பதற்கு ஒரு காரணத்தை அதனால் தரமுடியாது. மேய்ச்சல் நிலமும், சாண உரத்துக்கு நியாயமான விலையும், எருதுக்குப் புதிய வேலையும் சேர்ந்தாலொழிய, குழலிலிருந்து பிறக்கும் கன்று அரசுப் பண்ணையைத் தாண்டி வெளியே வராது.

மறுப்பும் விடையும்

ஜோஷி, பிலிப்ஸ் தரப்பில் ஒருவர் எழுந்து, 'ஐயா, சந்தையில் நின்று மாட்டின் மரபணுவையா பார்க்கமுடியும்? கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தானே பிரிக்கவேண்டும்? மைசூர் வகை மாடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது பொய்யா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைசூர் வகையின் ஒற்றுமை பொய்யன்று. அடுத்தடுத்த நிலப்பகுதிகளில் வாழும் இம்மாடுகளுக்குள் காலங்காலமாகக் கலப்பு நடந்திருக்கவேண்டும். அமிர்தமகாலுக்கு ஹள்ளிகாரே மூலம் என்ற கருத்தும் வலுவானது. முதல் அடையாளமாகக் கொம்பைக் கொள்வதில் தவறில்லை. மருத்துவர் முதலில் நாடியைப் பிடிப்பது போன்றது அது. நாடியைப் பிடித்ததோடு மருந்து எழுதிவிட்டால்தான் தவறு.

எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய இருவரிடம் 1994-இன் மரபணுச் செய்தியை எதிர்பார்ப்பது முறையன்று. அவர்கள் கண்ணால் கண்டதை நேர்மையாக எழுதினார்கள். அதற்குப்பின் வந்த நாம் அவர்களைத் தாண்டிச் செல்லாமல், அவர்களின் அட்டவணையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வருந்தத்தக்கது.

இனி எப்படிப் படிப்பது?

மாணவர்களே, இந்நூல் உங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அட்டவணையிலிருந்து தொடங்காதீர்கள். ஏதேனும் ஓர் இனத்தின் பகுதியைப் பிரித்து, மண், மழை, புல் பற்றிய பத்திகளை முதலில் படியுங்கள். பிறகு அந்த நிலம் இன்று எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். 1953-இல் எழுதிய நிலத்துக்கும் இன்றைய நிலத்துக்கும் உள்ள வேறுபாடே அந்த இனத்தின் இன்றைய நிலையைப் பெருமளவு சொல்லிவிடும்.

மற்ற வாசகர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் ஊரில் பெயர் தெரியாத நாட்டு மாடுகள் பத்து இருக்கும். வைத்திருப்பவரிடம் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். இந்த மாடு எங்கே மேய்கிறது? கோடையில் என்ன தின்கிறது? என்ன வேலை செய்கிறது? எத்தனை ஈற்று ஈன்றது? பொலிகாளை எந்த ஊரில் இருக்கிறது? இதை விற்காமல் ஏன் வைத்திருக்கிறீர்கள்? விடைகளை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். கொம்பின் நீளத்தைக் கடைசியில் எழுதினால் போதும்.

அந்த நோட்டில் 'பொலிகாளை இல்லை' என்ற விடை நான்கைந்து வீடுகளில் தொடர்ந்து வருமானால், அதை உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெச்சூர் மாட்டுக்கு இப்படி ஒரு நோட்டு முப்பது ஆண்டுகள் முன்னதாகவே எழுதப்பட்டிருந்தால், பேராசிரியரும் மாணவர்களும் அதைத் தேடி ஊர் ஊராக அலைந்திருக்க வேண்டியதில்லை.